கூலிக் கப்பல்களைத் தடுத்தது யார்?

(விவசாயத் தொழிலாளர்களும் மில் தொழிலாளர்களும் கலந்துகொண்ட மாலை வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மோரீஸ் வாழைப்பழம் தெரியாதவர் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். பெட்டிக்கடை வாசலில் குலை குலையாகத் தொங்குகிற பழம். அந்த ‘மோரீஸ்’ ஒரு தீவின் பெயர். இந்து மகா சமுத்திரத்தில், ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இருக்கிற மொரீஷியஸைத்தான் நம் பாட்டன்மார் மோரீஸ் என்றார்கள். பழத்தின் பெயர் நம் வாயில் நின்றுவிட்டது. அங்கே கரும்பு வெட்டப் போன நம் மனிதர்களின் பெயர் நிற்கவில்லை.

அந்தத் தீவுக்குத் தென்மேற்கே சுமார் 200 கிலோமீட்டரில் இன்னொரு தீவு இருக்கிறது. இன்று அதன் பெயர் ரீயூனியன். பழைய பெயர் புர்போன். இரண்டும் எரிமலைத் தீவுகள். இரண்டிலும் கரும்பு. இரண்டிலும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள். பிரிட்டிஷ்காரர்கள் 1810ல் இரண்டு தீவுகளையும் பிடித்தார்கள். பிறகு ஏற்பட்ட சமாதானத்தில் மொரீஷியஸைத் தாங்கள் வைத்துக்கொண்டு, மற்றதைப் பிரான்ஸுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். மொரீஷியஸில் கொடி மாறிற்று. தோட்டத்துக்குச் சொந்தக்காரன் பெரும்பாலும் மாறவில்லை.

இரண்டு தீவுகளுக்கும் நம் ஜனங்கள் கூலிகளாகப் போனார்கள். ரீயூனியனுக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். மொரீஷியஸுக்குச் சுமார் நாலரை லட்சம்; அவர்களில் பெரும் பகுதி கல்கத்தா வழியாகப் போனவர்கள் என்றாலும், சென்னை மாகாணத்திலிருந்து போனவர்களும் ஏராளம்.

1882ல் இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு தடை போட்டது. இனிமேல் ரீயூனியனுக்கு எங்கள் பிரஜைகளைக் கொண்டு போகக் கூடாது, அங்கே அவர்களைக் கொடுமைப்படுத்துகிறீர்கள் என்றது. ரீயூனியன் வழி அடைபட்டது. ஆனால் பக்கத்திலிருந்த மொரீஷியஸுக்குக் கூலிக் கப்பல் 1910 வரை போய்க்கொண்டிருந்தது. ஏன்? அங்கே கரும்புச் சோகை கையை அறுக்காதா? அங்கே இருந்த மேஸ்திரியின் கையில் பிரம்பு இல்லையா?

இந்தக் கேள்வியைத்தான் இன்று எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833ல் வந்தது. நஷ்ட ஈடாக 2 கோடி பவுன் கொடுக்கத் தீர்மானித்தார்கள். யாருக்கு? அடிமையாக இருந்தவனுக்கு அல்ல, அடிமையை வைத்திருந்தவனுக்கு! பணத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட தோட்ட முதலாளி அடுத்துத் தேடியது ஆட்களை. 1834 நவம்பர் 2ந் தேதி, கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ‘அட்லஸ்’ என்ற கப்பலில் 36 பேர் மொரீஷியஸில் இறங்கினார்கள். மாதம் 5 ரூபாய் கூலி, 5 வருஷ ஒப்பந்தம். மேற்கிந்தியத் தீவுகளின் பக்கமுள்ள பிரிட்டிஷ் கயானாவுக்கு ஆள் எடுத்தவர் ஜான் கிளாட்ஸ்டன். பின்னாளில் நாலு முறை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாக இருந்த கிளாட்ஸ்டனின் தகப்பனார். 1838 மே மாதம் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்ற இரண்டு கப்பல்கள் அவருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் ஆட்களைக் கொண்டு போய் இறக்கின.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இது நடக்கவில்லை. 1837லேயே சட்டம் போட்டார்கள். கப்பலேறுகிறவன் ஓர் அதிகாரி முன்னால் வந்து நிற்க வேண்டும். ஒப்பந்தம் 5 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. திரும்பி வர வழி இருக்க வேண்டும். எழுதியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்களைப் பிடித்து அடைத்து வைக்கிறார்கள், ஏமாற்றிக் கப்பலேற்றுகிறார்கள் என்ற சேதிகள் வந்துகொண்டே இருந்தன. கல்கத்தா நகர மண்டபத்தில் 1838 ஜூலையில் பொதுக்கூட்டம் நடந்தது. லண்டனில் அடிமை ஒழிப்பு இயக்கத்தார் சத்தம் போட்டார்கள். 1839 மே மாதம் தடை வந்தது. உடல் உழைப்புக்காக ஆட்களைக் கடல் தாண்டிக் கொண்டு போகக் கூடாது. மீறுகிறவனுக்கு 200 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதச் சிறை.

அந்தத் தடையை நாம் ஏளனம் செய்யத் தேவையில்லை. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். மாதம் 5 ரூபாய்க் கூலிக்கு ஆள் பிடித்த அந்தக் காலத்தில் 200 ரூபாய் அற்பத் தொகையும் அல்ல. ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அது நம் வீட்டு வாசலிலேயே இருந்தது.

புதுச்சேரி, காரைக்கால் எல்லை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாத கோவை, மதுரைத் தோழர்களுக்காகச் சொல்கிறோம். பிரெஞ்சு இந்தியா என்பது சுவர் வைத்துக் கட்டிய ஒரு தேசம் அல்ல. புதுச்சேரியைச் சுற்றித் தென் ஆற்காடு ஜில்லா. சதுரங்கப் பலகைக் கட்டங்களைப் போல ஒரு கிராமம் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த கிராமம் பிரிட்டிஷ்காரனுடையது. காரைக்காலுக்கு ஒரு பக்கம் கடல், மற்ற மூன்று பக்கமும் அன்றைய தஞ்சாவூர் ஜில்லா. ஒரு வாய்க்காலைத் தாண்டினால் சர்க்கார் மாறும். வயல் வரப்பில் நடந்து போகிறவன் எந்த ராஜாவின் மண்ணில் கால் வைத்திருக்கிறான் என்று அவனுக்கே தெரியாது. மாமன் வீடு அந்தப் பக்கம், மச்சான் வீடு இந்தப் பக்கம்.

பிரிட்டிஷ் சட்டம் பிரிட்டிஷ் துறைமுகத்தைத்தான் பூட்டும். ஆகவே ஆள் பிடிக்கிறவன் என்ன செய்தான்? தஞ்சாவூர் ஜில்லாவில் பிடித்த ஆளை வாய்க்காலைத் தாண்ட வைத்தான். அவ்வளவுதான். தடை அமலில் இருந்த காலத்திலேயே, பிரிட்டிஷ் தீவான மொரீஷியஸுக்குக்கூடப் புதுச்சேரி வழியாக ஆட்கள் போனார்கள்.

(இதே எல்லை பின்னாளில் வேறு ஒரு காரியத்துக்கும் பயன்பட்டது. பிரிட்டிஷ் போலீஸுக்குத் தப்பி பாரதி 1908லிருந்து 1918 வரை புதுச்சேரியில்தான் இருந்தார். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் துன்பப்பட்ட நம் பெண்களுக்காகப் பாடியவரும் அவரே. ஆள் பிடிக்கிறவனுக்குத் திறந்திருந்த வழி, தேசபக்தனுக்கும் திறந்திருந்தது.)

1839 தடை எத்தனை காலம் நின்றது? மூன்றரை வருஷம். மொரீஷியஸ் முதலாளிகள் சர்க்கரை உற்பத்தி நின்றுபோகும் என்று கூப்பாடு போட்டார்கள். 1842 டிசம்பரில் மொரீஷியஸுக்கு வழி திறந்தார்கள். ஏஜெண்டுகளும் காப்பாளர்களும் வந்தார்கள். 1843 ஒரே வருஷத்தில் மொரீஷியஸில் இறங்கியவர்கள் 34,525 பேர். அவர்களில் பெண்கள் 4,307 பேர்தான். மடை திறந்ததும் எப்படிப் பாய்ந்தது பாருங்கள். 1844ல் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுமதி வந்தது. 1847ல் இலங்கையைச் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டார்கள். அங்கே போகிறவனுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பாளரும் இல்லை, கங்காணிதான் எல்லாம். இலங்கைக் கதை தனிக் கதை. அதற்குப் பிறகு வருவோம்.

பிரெஞ்சுத் தோட்டங்களில் அடிமை முறை 1848ல்தான் ஒழிந்தது. ரீயூனியனில் அந்த வருஷம் டிசம்பர் 20ந் தேதி. உடனே அந்த முதலாளிகளும் நம் பக்கம் திரும்பினார்கள். 1849லிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஆள் சேர்ப்பு ஒரு வியாபாரமாகவே நடந்தது. தலைக்கு இவ்வளவு என்று தரகு வாங்கிக்கொண்டு மேஸ்திரிகள் தஞ்சாவூர், தென் ஆற்காடு கிராமங்களில் புகுந்தார்கள். 1853ல் ‘ஒரேலி’ என்ற கப்பல் புதுச்சேரி ஆட்களை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக் சமுத்திரத்தையும் தாண்டி மார்த்தினீக் தீவுக்குப் போயிற்று. குழந்தைகளைக் கூடத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்ற புகார்கள் சென்னை சர்க்காருக்கு வந்தன. சென்னை சர்க்கார் புதுச்சேரிக்குக் கடிதம் எழுதும், புதுச்சேரி பதில் எழுதும். இடையில் கப்பல் போய்விடும்.

இனி, 1861க்கு வருவோம். அந்த வருஷம் ஜூலை 1ந் தேதி பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பிரெஞ்சுக் காலனிகளுக்கு இந்தியாவில் ஆள் எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் சாரம். ரீயூனியனுக்கு மட்டும் முந்தின வருஷமே ஒரு சிறிய ஒப்பந்தம் ஆகியிருந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் ஏன் இவ்வளவு தாராளம் காட்டிற்று? பிரெஞ்சுக்காரர்கள் அப்போது ஆப்பிரிக்கக் கடற்கரையில் ஆட்களை விலைக்கு வாங்கி, ‘சுதந்திரத் தொழிலாளி’ என்று பெயர் சூட்டித் தோட்டங்களுக்குக் கொண்டு போனார்கள். அது அடிமை வியாபாரமே என்று பிரிட்டன் கண்டித்தது. கடைசியில் ஆப்பிரிக்காவில் வாங்குவதை நிறுத்து, இந்தியாவில் எடுத்துக்கொள் என்று பேரம் முடிந்தது. ஒருவனை விடுவிக்க இன்னொருவனை ஈடு கொடுத்தார்கள். ஈடாகக் கொடுக்கப்பட்டவன் தஞ்சாவூர்ப் பண்ணையாள்.

ஒப்பந்தத்தின் ஷரத்துகளைப் படித்தால் நமக்கே ஆச்சரியமாக இருக்கும். வாரத்தில் 6 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு 9½ மணி நேரத்துக்கு மேல் கூடாது. 5 வருஷம் முடிந்தால் திரும்பி வர இலவசக் கப்பல். ஆள் ஏற்றும் துறைமுகத்தில் பிரிட்டிஷ் ஏஜெண்டு ஒருவர் இருப்பார். பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால், அவன் சொந்த விருப்பத்தோடு போகிறானா, எங்கே போகிறான், பயணம் எத்தனை நாள், ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியுமா என்று அந்த ஏஜெண்டு திருப்திப்பட்ட பிறகே கப்பலேற்ற வேண்டும். அங்கே தீவில் பிரிட்டிஷ் கான்சல் இருந்து கவனிப்பார். முறையாக நடத்தவில்லை என்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிட இந்திய கவர்னர் ஜெனரலுக்கு அதிகாரம்.

இதில் ஒரு வார்த்தையைக் கவனியுங்கள்: பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பிறந்த மச்சானை ஏஜெண்டு கேள்வி கேட்பார், கான்சல் கவனிப்பார். அந்தப் பக்கம் பிறந்த மாமன் பிரெஞ்சுப் பிரஜை. அவன் இந்த ஏஜெண்டின் கணக்கிலேயே வரமாட்டான். இருவரும் ஒரே கப்பலில், ஒரே கூடத்தில் படுத்து, ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டுவார்கள்.

சரி, அந்தக் கேள்வி எப்படி நடந்திருக்கும்? ஓர் ஆளை மனசில் நிறுத்திப் பாருங்கள். காவிரி வறண்ட வருஷம். பண்ணையில் வாங்கிய கடன் தகப்பன் காலத்திலிருந்து நிற்கிறது. மேஸ்திரி வருகிறான். கடல் என்று சொல்லவில்லை. காரைக்காலுக்கு அந்தண்டை வேலை, நல்ல கூலி என்கிறான். இரவு நடக்கிறார்கள். டெப்போவில் சோறு போடுகிறார்கள். எத்தனை நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சோறு! நாலு நாள் கழித்து ஒரு மேஜைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். எதிரே ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் மொழிபெயர்ப்பவர். “சம்மதமா?” இவன் என்ன சொல்வான்? சம்மதம் இல்லை என்று சொன்னால் தின்ற சோற்றுக்குக் கணக்குக் கேட்பார்கள் என்று மேஸ்திரி வழியிலேயே சொல்லி வைத்திருக்கிறான். திரும்பிப் போனால் பண்ணையாரின் சாட்டை. “சம்மதம்” என்கிறான். ஏஜெண்டு திருப்தி அடைகிறார். பெருவிரல் ரேகையோ கீறலோ, அடுத்த ஆள்!

அந்த ஏஜெண்டு கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார், சொன்ன பதிலை எழுதினார். தஞ்சாவூரில் அவனுக்கு ஒரு காணி நிலம் இருந்திருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று கேட்கிற இடம் அந்த நமூனாவில் இல்லை.

ரீயூனியனில் என்ன நடந்தது? 9½ மணி நேரம் என்பது காகிதத்தில் நின்றது. கூலி மாதக் கணக்கில் பாக்கி. ஒவ்வொருவன் கையிலும் ஒரு சிறு புத்தகம். அது இல்லாமல் வெளியே அகப்பட்டால் நாடோடி என்று பிடித்துப் போவார்கள். 5 வருஷம் முடிந்தவனை மறுபடி கையெழுத்துப் போட வைக்க ஆயிரம் வழி. தென் அமெரிக்காவில் இருக்கிற கயேன் என்ற பிரெஞ்சுக் காலனியில் இன்னும் மோசம். கரும்புக்கு என்று கொண்டு போனவர்களைக் காட்டுக்குள் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள். சாவு அளவுக்கு மிஞ்சிப் போகவே, 1876ல் இந்திய சர்க்கார் கயேனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திற்று. ரீயூனியனைப் பற்றி விசாரிக்க 1877ல் இரு தரப்பும் சேர்ந்து ஒரு கமிஷன் போட்டன. பிரிட்டிஷ் தரப்பில் ஜெனரல் கோல்ட்ஸ்மிட், பிரெஞ்சுத் தரப்பில் கப்பற்படை அதிகாரி மியோ. குறைகள் எழுத்தில் வந்தன. சீர்திருத்தம் பற்றிப் பேச்சு நடந்தது, இழுத்தது, முடியவில்லை. 1882ல் தடை. குவாதலூப் தீவுக்கு 1888ல் தடை.

தடை நியாயமானதுதான். பிரெஞ்சுத் தோட்டத்தின் கொடுமை பொய் அல்ல. அந்தத் தடையால் எத்தனையோ பேர் அந்தக் கடலைத் தாண்டாமல் தப்பினார்கள். ஆனால் தடை, புதிதாக ஏறுகிறவனைத்தான் நிறுத்திற்று. ஏற்கெனவே போனவனை அது மீட்டுக்கொண்டு வரவில்லை. அவர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். ரீயூனியன் இன்றும் பிரான்ஸின் ஒரு மாகாணம். அவர்களுடைய வம்சத்தை அங்கே ‘மல்பார்’ என்கிறார்கள். தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் போய்விட்டது. தீமிதியும் காவடியும் போகவில்லை.

இப்போது மொரீஷியஸுக்குத் திரும்புவோம். அங்கே என்ன நிலைமை? ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடிப்பார்கள். ‘இரட்டை வெட்டு’ என்று அதற்குப் பெயர். மில்லில் வேலை செய்கிற தோழர்கள் சிரிக்கிறீர்கள். இந்தக் கணக்கு உங்களுக்குப் புதிதல்ல. 1867 சட்டப்படி, ஒப்பந்தம் முடிந்து விடுதலையான பழைய தொழிலாளியும் தன் போட்டோ ஒட்டிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் தெருவில் நடக்க வேண்டும். ரீயூனியனில் புத்தகம், மொரீஷியஸில் சீட்டு. வித்தியாசம் அவ்வளவுதான். 1871ல் அந்தத் தீவின் பழைய தொழிலாளர்கள் 9,401 பேர் கையெழுத்திட்டு கவர்னருக்கு மகஜர் கொடுத்தார்கள். அதை எழுத உதவியவர் அதோல்ப் தெ பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர். தோட்ட முதலாளிகள் ஆத்திரமடைந்தார்கள், அவர் போர்ட் லூயி நகரில் தாக்கப்பட்டார். எழுத்து வாசனை இல்லாத மனிதர்கள், ஊர் ஊராகப் போய் 9,401 பேர்! மகஜர் என்றால் என்ன என்பதை இவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

அந்த மகஜரின் பலனாக லண்டனிலிருந்து ராஜாங்கக் கமிஷன் வந்தது. 1875ல் அறிக்கை கொடுத்தது. கொடுமை உண்டு என்று அதுவும் ஒப்புக்கொண்டது. 1878ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் கப்பலை நிறுத்தினார்களா? இல்லை.

தங்கள் காலனிகளுக்கும் பிரிட்டிஷ்காரர்கள் அவ்வப்போது தடை போட்டதுண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1856ல் மொரீஷியஸின் பக்கத்துக் குட்டித் தீவில், காலரா என்று இறக்கிவிடப்பட்ட கூலிகள் தங்க இடமின்றி நூற்றுக்கணக்கில் செத்தபோது நிறுத்தினார்கள்; சீக்கிரமே திறந்தார்கள். தென் ஆப்பிரிக்காவின் நேட்டாலிலிருந்து 1871ல் திரும்பி வந்தவர்கள் சென்னையில் தங்கள் குறைகளைச் சொன்னார்கள்; ஏற்கெனவே நின்றிருந்த ஆள் அனுப்பலை, விசாரணை நடந்து 1874ல்தான் மறுபடி தொடங்கினார்கள். மலாயா பக்கத்துப் பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1867ல் இந்திய ஆட்சியிலிருந்து பிரிந்ததும், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போவது திடீரென்று சட்ட விரோதம் ஆகிவிட்டது. மூன்று வருஷம் அதை யாரும் கவனிக்கவே இல்லை! 1870ல் கவனித்து நிறுத்தினார்கள். தோட்டக்காரர்கள் கூச்சலிட்டதும் 1872ல் தனிச் சட்டம் போட்டுத் திறந்துவிட்டார்கள்.

ஆக, சொந்தத் தோட்டம் என்றால் தடை ஒரு கதவு; திறந்து மூடலாம். அந்நியன் தோட்டம் என்றால் தடை ஒரு சுவர். இதற்கு அவர்கள் சொன்ன சமாதானம் ஒன்று உண்டு. எங்கள் காலனியில் குறை இருந்தால் எங்கள் கவர்னரும் மாஜிஸ்திரேட்டும் திருத்துவார்கள், பிரெஞ்சுக் காலனியில் எங்கள் கான்சல் வெறும் கடிதம்தான் எழுத முடியும் என்றார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் 1875லேயே குறை இருக்கிறது என்று அறிக்கை வந்த பிறகும், எத்தனை வருஷம் திருத்திக்கொண்டே இருந்தார்கள் என்று பாருங்கள். ரீயூனியனின் சர்க்கரை லண்டன் முதலாளிக்குப் போட்டிச் சர்க்கரை; மொரீஷியஸின் சர்க்கரை அவன் சொந்தச் சர்க்கரை. தொழிலாளியின் முதுகுக் காயம் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது என்பது இதிலிருந்தே தெரிகிறது.

இன்னொரு விஷயத்தையும் விவசாயத் தொழிலாளித் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தடை வேண்டும் என்று கேட்டவர்களில் தஞ்சாவூர் மிராசுதாரர்களும் உண்டு! ஏழைகளைக் கப்பலேற்றுகிறார்களே என்ற இரக்கத்தாலா? ஆள் குறைந்தால் கூலி ஏறும், பண்ணையாள் முறைத்துப் பேசுவான் என்ற பயம். இந்தியாவில் அடிமையைச் சொத்தாகச் சட்டம் ஏற்காது என்று 1843ல் அறிவித்தார்கள். சேற்றில் இறங்கினால் அது வேறு. பண்ணையாள் கடனைக் காட்டிக் கட்டப்பட்டே இருந்தான். அப்படிப்பட்டவனுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் தப்பிப் போகிற ஒரு வழியாகவும் இருந்தது. பினாங்கிலிருந்து நாலு காசோடு திரும்பி வந்தவன் துண்டை இடுப்பில் கட்டாமல் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் மிராசுதாருக்குப் பொறுக்குமா?

ஆகையால்தான் தடை என்றவுடனே நாம் கை தட்டிவிட முடியாது. தோட்ட முதலாளி, ஆளைக் கொண்டு போக வேண்டும் என்றான். மிராசுதார், ஆள் இங்கேயே கிடக்க வேண்டும் என்றான். இருவருக்கும் நடுவே சர்க்கார் ஒரு சமயம் இவன் பக்கம், ஒரு சமயம் அவன் பக்கம் சாய்ந்தது. 1876லிருந்து 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில், கடல் தாண்டு என்று யாரும் சொல்லத் தேவை இருக்கவில்லை. பசியே மேஸ்திரி வேலையைச் செய்தது.

அப்படியானால் கடைசியில் அந்த முறையை நிறுத்தியது எது?

நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் தங்குகிறவன் மீது 1895ல் வருஷத்துக்கு 3 பவுன் வரி போட்டார்கள். முதல் வருஷத் தொழிலாளியின் கூலி மாதம் 10 ஷில்லிங். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங்; ஆறு மாதக் கூலி. வரி கட்ட முடியாதவன் மறுபடி ஒப்பந்தத்தில் போய் விழ வேண்டும் என்பதுதான் திட்டம். 1910 பிப்ரவரியில் கோகலே, நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதைத் தடுக்க வேண்டும் என்று வைஸ்ராயின் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். 1911 ஜூலை 1ந் தேதியிலிருந்து நேட்டாலுக்குக் கூலிக் கப்பல் நின்றது. இந்தியர்களின் கோரிக்கையை ஏற்றுப் பிரிட்டிஷ் கொடி பறந்த ஒரு காலனிக்கே நிரந்தரமாகப் போட்ட தடை!

1913 அக்டோபரில் நியூகாஸில் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். அவர்களை எழுப்பியது எல்லை தாண்டி வந்த பெண்கள். நவம்பரில் கடற்கரைக் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவிற்று. ஆயிரக்கணக்கானவர்கள் வெட்டுக் கத்தியைக் கீழே போட்டார்கள். வேலைக்குப் போகாவிட்டால் ஜெயில் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. இத்தனை பேரை அடைக்க ஜெயில் எங்கே? சுரங்க வளாகங்களையே ஜெயிலாக்கினார்கள். அடித்தார்கள், சுட்டார்கள், சிலர் மாண்டார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்த வள்ளியம்மையின் தாய் ஊர் தில்லையாடி. காரைக்காலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். 1914ல் 3 பவுன் வரி ரத்தாயிற்று.

அந்தச் சேதி இங்கே ஊர் ஊராகப் பரவிற்று. கூலி என்ற ஒப்பந்தமே அவமானம் என்று தேசம் முழுவதும் பேசிற்று. பிஜியிலிருந்து திரும்பியவர்கள் தாங்கள் பட்டதை எழுதினார்கள், பேசினார்கள். 1912ல் கோகலேயின் அடுத்த தீர்மானத்தைத் தோற்கடித்த அதே சபையில், 1916 மார்ச்சில் மாளவியாவின் தீர்மானத்தை வைஸ்ராய் ஹார்டிஞ்ச் ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டும் கொஞ்ச காலம் ஆகும் என்று இழுத்தார்கள். கிளர்ச்சி மூண்டது. 1917 மார்ச்சில் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் ஒப்பந்தக் கூலி ஏற்றுமதியை நிறுத்தினார்கள். யுத்தத்துக்கு ஆளும் கப்பலும் தேவைப்பட்டதும் ஒரு காரணம்தான். 1920 ஜனவரி 1ந் தேதி பிஜியில் மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. ‘அட்லஸ்’ கப்பலின் 36 பேரிலிருந்து கணக்குப் போட்டால் 85 வருஷம்.

அதன் பிறகும் கங்காணி முறை நின்றபாடில்லை. 1922 சட்டம் வந்தது. 1938ல் மலாயாவில் ரப்பர் தோட்டக் கூலியைக் குறைத்தபோது அங்கேயும், 1939ல் இலங்கைக்கும் ஆள் அனுப்புவதை இந்திய சர்க்கார் நிறுத்திற்று. கூலிக் கப்பல் காலத்தில் பிறந்த ‘குடிபெயர்வோர் காப்பாளர்’ என்ற பதவி மட்டும் 1983 சட்டத்திலும் அதே பெயரோடு இருக்கிறது. வளைகுடா வேலைக்கு என்று ஏஜெண்டிடம் பணம் கட்டிவிட்டு வந்த இரண்டு தோழர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் அந்தக் காகிதங்களோடு வரட்டும், உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.

ராத்திரி ஷிப்டுத் தோழர்கள் எழுந்து நிற்கிறார்கள், அவர்கள் போகலாம். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம். போன வாரம் ஒரு தோழர், இலங்கையில் கங்காணி எழுதிக் கொடுத்த ‘துண்டு’ என்றால் என்ன என்று கேட்டார். அது பாக்கி நிற்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.